இணை நோய் என்றொரு முன்ஜாமீன்

மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ரிடையர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் எழுதி வைத்தது. பெயர் வேண்டாம், அவருடைய மனைவி விரும்பவில்லை. நோட்டில் மூன்றே பத்திதான். தேதி, கிழமை, உடம்பு எடை. டயாலிசிஸ் செய்துகொண்ட நாளில் எடையைச் சுற்றி ஒரு வட்டம். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று மாதக்கணக்கில் தவறாமல் வட்டம் விழுந்திருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் பேரேட்டில்கூட நான் அவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை.

2020 மார்ச் 24, செவ்வாய். 54 கிலோ. வட்டம். அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் பிரதமர் டி.வி.யில் வந்தார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். கையில் நாலு மணி நேரம்.

மார்ச் 27, வெள்ளி. 56.2. வட்டம் இல்லை. பஸ் ஓடாததால் டெக்னீஷியன் வரவில்லை என்று வழக்கமாகப் போகிற தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 31, செவ்வாய். 55.8. வட்டம் உண்டு. பக்கத்தில் பொடி எழுத்தில் '2½ மணி' என்று ஒரு குறிப்பு. நாலு மணி நேரம் ஓடவேண்டிய மெஷினைப் பாதியில் நிறுத்தி, அடுத்த ஆளை ஏற்றியிருக்கிறார்கள். அந்த அடுத்த ஆளும் போன வாரம் விட்டுப்போனவர்தான்.

ஏப்ரல் 3, வெள்ளி. 57.6. வட்டம் இல்லை. அங்கே வந்துபோன ஒருவருக்குக் கொரோனா இருக்கலாம் என்று சந்தேகம். யூனிட்டையே பூட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 5, 59.1. ஏப்ரல் 7, 60.4. இந்த இரண்டு வரியும் வாத்தியார் கையெழுத்து இல்லை. "அவருக்குப் பேனா பிடிக்க முடியலை தம்பி. ஆனா எழுது எழுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்" என்றார் அந்த அம்மா.

நடுவில் நாலைந்து இடத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஓரிடத்தில் புது பேஷன்ட் எடுப்பதில்லை. இன்னோரிடத்தில், கொரோனா இல்லை என்று ரிப்போர்ட் கொண்டுவந்தால் பார்க்கலாம். அந்த ரிப்போர்ட்டை எங்கே போய் வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 8 விடிகாலை, மூச்சுத் திணறலோடு ஓர் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் வேலையாக மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுத்தார்கள். ரிசல்ட் வந்தபோது வாத்தியார் இல்லை. ரிசல்ட் நெகட்டிவ். கையில் கொடுத்த தாளில் போட்டிருந்த காரணம், மாரடைப்பு.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இவர் கொரோனாவில் செத்தாரா, இல்லையா?

*

அரசாங்கக் கணக்குப்படி இல்லை. டெஸ்ட் நெகட்டிவ். ஆகவே கொரோனா சாவுப் பட்டியலில் பெயர் வராது. 'இணை நோயோடு இறந்தவர்' பட்டியலிலும் வராது, ஏனென்றால் இணைவதற்கு இன்னொரு நோய் வேண்டுமே, அது அவரிடம் இல்லை. 2021 ஜூன் 30ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதன் பேரில் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானதல்லவா? டெஸ்ட் பாசிட்டிவ் ஆன 30 நாளுக்குள் இறந்திருந்தால் அந்தப் பணம் உண்டு. பாசிட்டிவ் ஆகாமல், டயாலிசிஸ் கிடைக்காமல் செத்தவருக்கு? ஒரு பைசா கிடையாது. பணத்தை விடுங்கள், கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது.

நான் படித்தது பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். ஒரு இடத்தில் பற்று எழுதினால், இன்னொரு இடத்தில் வரவு எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் இருப்புநிலைக் குறிப்பு நேராகாது. ஊரடங்கு போட்டதால் இத்தனை உயிர் காப்பாற்றினோம் என்று வரவு எழுதினார்கள். எழுதட்டும், தப்பில்லை. அதே ஊரடங்கில் மெஷின் கிடைக்காமல் போன உயிர்களைப் பற்று எழுதினார்களா? அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் நினைப்பது எனக்குக் கேட்கிறது. 'கிட்னி போன ஆள் சார், எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்க மாட்டார்.'

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

*

டயாலிசிஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நல்ல சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. லீவு கிடையாது, வாரத்துக்கு 168 மணி நேரமும் டியூட்டி. அது நின்றுபோனவர், மெஷினில் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் படுத்து, 8 மணி நேரத்தில் அந்த வேலையைச் செய்து முடிக்கப் பார்க்கிறார். மீதி 160 மணி நேரம் குடித்த தண்ணீர், தின்ற சோற்றின் கழிவு, எல்லாம் உள்ளேயே தேங்கும். வாத்தியார் நோட்டில் 54 கிலோ 60.4 ஆனது சதை போட்டதால் இல்லை. அத்தனையும் வெளியேற வழியில்லாத தண்ணீர். நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும். கூடவே பொட்டாசியம் ஏறும். அது ஒரு அளவைத் தாண்டினால் இதயம் துடிப்பதை நிறுத்திவிடும். மாரடைப்பு என்று எழுதிக்கொடுப்பது இதைத்தான்.

கோடை வந்தால் பண்ருட்டி பலாச்சுளை வாசம் கடலூர் கடைத்தெரு முழுக்க அடிக்கும். டயாலிசிஸ்காரர்களுக்கு அது விஷம் மாதிரி. அவ்வளவு பொட்டாசியம். இளநீரும் அப்படியே. சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று தண்ணீரை அளந்து குடித்து, நாக்கு வறண்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டு வாழ்கிற மனிதர்கள் இவர்கள். 'எப்படியும் போகிறவர்' என்று சொல்வதற்கு முன்னால், இருப்பதற்காக அவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று ஒரு தரம் பாருங்கள். ஒழுங்காக டயாலிசிஸ் கிடைத்தால் பத்து, பதினைந்து வருஷம் இருப்பவர்கள் உண்டு. வேலைக்குப் போகிறார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள்.

2011ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. வாரம் மூன்று தடவை செய்துகொள்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு முறை மட்டும் இடைவெளி இரண்டு நாளாக நீளும். அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் சாவு கூடுதலாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு நாள் கூடுதல் இடைவெளி, அதற்கே அந்த விளைவு. நம் வாத்தியாருக்கு ஏழு நாள். அதற்கு முன்னால் கிடைத்ததும் அரைகுறை.

*

ஊரடங்கே தப்பு என்று வாதாட நான் வரவில்லை. புது நோய், மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. ஏதாவது செய்துதான் ஆகவேண்டியிருந்தது. டாக்டர்களும் நர்ஸுகளும் செத்தார்கள். ஒரு டயாலிசிஸ் ஹாலில் ஒருத்தருக்குத் தொற்றினால் வரிசையாகப் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து என்பதும் உண்மை. சிறுநீரக நோயாளிக்குக் கொரோனா வந்தால் பிழைப்பது மற்றவர்களைவிடக் கஷ்டம் என்பதும் உண்மை.

என் கேள்வி வேறு. நாட்டைப் பூட்டும்போது, வாரம் இரண்டு தடவை கதவைத் திறந்தே ஆகவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது பூட்டியவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும். 2016 பிப்ரவரி 29ல் நிதியமைச்சர் அருண் ஜேட்லி பட்ஜெட் உரையில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவர் வாயாலேயே சொன்ன கணக்கு இது. ஆண்டுதோறும் இந்தியாவில் 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களாகப் புதிதாகச் சேர்கிறார்கள். அதனால் ஆண்டுக்கு 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நாட்டில் இருப்பது சுமார் 4,950 மையங்கள். பெரும்பாலும் தனியார், பெரும்பாலும் பெரிய ஊர்கள். தேவையில் பாதிதான் பூர்த்தியாகிறது. ஒரு தடவைக்கு சுமார் 2,000 ரூபாய், வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 3.4 கோடியை 2.2 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு வருஷத்தில் கிட்டத்தட்ட 155 வருகிறது. அதாவது வாரத்துக்கு மூன்று. மருத்துவம் கேட்கிற அளவு அதுதான், அமைச்சரின் கணக்கு சரியே. ஆனால் நம் ஊரில் வாரம் மூன்று தடவை போகிற நோயாளியை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். காசு ஒரு காரணம், மெஷின் இல்லாதது இன்னொரு காரணம், போக வர நாள் முழுக்கப் போய்விடுவது மூன்றாவது. நல்ல நாளிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

சரி, ஊரடங்கு போட்ட பிறகாவது உடனே சுதாரித்தார்களா? மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், தனியார் ஆஸ்பத்திரிகள் பயத்தில் டயாலிசிஸ், ரத்தம் ஏற்றுவது, கீமோதெரபி போன்றவற்றைச் செய்யத் தயங்குகின்றன, பல இடங்களில் கொரோனா டெஸ்ட் கேட்டு நிறுத்துகின்றன, இது கூடாது என்று அமைச்சகத்தின் செயலாளர் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய தேதி ஏப்ரல் 28. ஊரடங்கு ஆரம்பித்து 34 நாள் கழித்து. வாரம் இரண்டு என்று வைத்தால்கூட ஒன்பது, பத்து டயாலிசிஸ். அந்தக் கடிதம் டைப் ஆகி, கையெழுத்தாகி, சென்னைக்கு வந்து, அங்கிருந்து மாவட்டத்துக்கு வரும்போது வாத்தியாருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

டெஸ்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் லேபில் ஒரு டெஸ்டுக்கு அப்போது உச்சவரம்பு 4,500 ரூபாய். தமிழக அரசு அதை 3,000 ஆகக் குறைத்தது 2020 ஜூனில். ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புது ரிப்போர்ட் கேட்டால், மாதம் எட்டு தடவைக்கு 36,000 ரூபாய். மெஷினில் படுக்கிற செலவைவிட, படுக்கலாம் என்று அனுமதி வாங்குகிற செலவு இரண்டு மடங்குக்கு மேல்.

*

'நீங்கள் ஒரு வாத்தியார் கதையை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்' என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். கணக்கு கேட்பவனுக்குக் கணக்குதான் பதில்.

ராதிகா ஜெயின், பாஸ்கலீன் டூபாஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ராஜஸ்தானில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களைப் பற்றிய விவரங்களைச் சேகரித்தார்கள். ஆய்வு 2022ல் வெளியானது. ஊரடங்கில் 63 சதவீதம் பேருக்கு சிகிச்சை தடைபட்டிருக்கிறது. காரணம் என்ன? வண்டி இல்லை, ஆஸ்பத்திரியில் சேவை இல்லை, மருந்து இல்லை. 2020 மார்ச்சில் இருந்ததைவிட மே மாதத்தில் சாவு விகிதம் 64 சதவீதம் அதிகம். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாதத்தில், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட 22 சதவீதம் கூடுதல் சாவு. யாருக்கு அடி அதிகம்? பெண்களுக்கு, ஏழை எளியவர்களுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து தூரத்தில் இருந்தவர்களுக்கு.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். 'எப்படியும் போகிறவர்கள்'தான் போனார்கள் என்றால், பக்கத்தில் இருந்தவரும் தூரத்தில் இருந்தவரும் ஒரே மாதிரி போயிருக்க வேண்டும். கிட்னிக்குக் கிலோமீட்டர் தெரியாது. சைக்கிள் தூரத்தில் மெஷின் இருந்தவர் பிழைத்தார், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தவர் செத்தார் என்றால், கொன்றது சிறுநீரகமா, சாலையா?

சாலை என்றதும் கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய வியாதி என்றால் நமக்கு முதலில் வாயில் வருகிற பெயர் ஜிப்மர். முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஆல்பேட்டையைத் தாண்டி பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து முள்ளோடைக்குப் போனால் அது வேறு அரசாங்கம். மற்ற நாளில் டவுன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற எல்லை அது. 2020 மார்ச்சில் அது நிஜமாகவே எல்லை ஆனது. இந்தப் பக்கம் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985லிருந்து இருக்கிறது. அது பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து மாநில சுகாதாரத் துறைக்கு மாறும் ஆணை வந்தது 2021 ஜனவரியில், அதுவும் மாணவர்கள் கட்டணத்துக்கு எதிராக வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடிய பிறகு. ஆக, தொற்று வந்த வருஷத்தில் இவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு சுகாதாரத் துறையின் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. அந்த நிலையில்தான் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் தொற்று பரவி, 2020 மே 4ந் தேதி ஒரே நாளில் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது.

இ-பாஸ் நினைவிருக்கிறதா? மாவட்டம் விட்டு மாவட்டம் போக மூன்று காரணம் சொல்லலாம். கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை. கல்யாணம் ஒரு தடவை, சாவும் ஒரு தடவை. வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற அவசரத்துக்கு அந்த ஃபாரத்தில் இடம் இருந்ததா?

அரசாங்கத்துக்கு ஏற்பாடு செய்யவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், வீடு தேடி டோக்கன் வந்தது. மே 7ந் தேதி டாஸ்மாக்கைத் திறந்தபோது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை நேரம், நாற்பது முதல் ஐம்பது வரை மதியம், அதற்குக் குறைந்தவர்களுக்கு அதன்பின் என்று வயது வாரியாகப் பிரித்தார்கள். மறுபடி திறந்தபோது கிழமைக்கு ஒரு கலரில் டோக்கன். என்ன ஒரு நிர்வாகத் திறமை! கிழமை வாரியாக, நேரம் வாரியாக ஆள் வரவேண்டும் என்பதற்குத்தான் கலர் டோக்கன் என்றால், அதற்கு டயாலிசிஸ்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார் சார்? செவ்வாய்க்கு ஒரு கலர், வெள்ளிக்கு ஒரு கலர். யாருக்கும் தோன்றவில்லை. டாஸ்மாக்கில் வருமானம் இருக்கிறது, வாத்தியாரிடம் என்ன இருக்கிறது?

*

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். இணை நோய்.

2020ல் தினமும் சாயந்திரம் தமிழக சுகாதாரத் துறை அறிக்கை வரும். இறந்தவர்கள் ஒவ்வொருவருடைய வயதும், ஆணா பெண்ணா என்பதும், இருந்த வியாதிகளும் அதில் வரிசையாக இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று நீளும். கடைசியில் இணை நோய் உள்ளவர்கள் இத்தனை பேர், இல்லாதவர்கள் இத்தனை பேர் என்று கூட்டல். நாமும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, 'பாவம், சுகர் பேஷன்ட்டாம்' என்று சொல்லிக்கொண்டு அடுத்த சேனலுக்குப் போனோம்.

மருத்துவத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருக்கிறது. யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்வதற்காக ஏற்பட்டது அது. இணை நோய் இருக்கிறதா, அப்படியானால் இவரைக் கூடுதலாகப் பார்த்துக்கொள் என்று பொருள். நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். இணை நோய் இருந்ததா, அப்படியானால் இவர் செத்ததில் யாருக்கும் பொறுப்பில்லை. போலீஸ் பிடிப்பதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்கிற முன்ஜாமீன் மாதிரி, கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதில் தயார்.

என்னைக் கேட்டால், வாத்தியாருக்கு இருந்த நோய் சிறுநீரகச் செயலிழப்பு. இணை நோயின் பெயர் ஊரடங்கு.

பட்டியல்களின் யோக்கியதையையும் பார்த்துவிட்டோம். சென்னையில் மட்டும் விட்டுப்போன 444 கொரோனா சாவுகளை 2020 ஜூலை 22ல் சேர்த்தார்கள். இந்தியாவில் 2020, 2021 இரண்டு வருஷத்திலும் கொரோனாவுக்குப் பலியானவர்கள் 4.81 லட்சம் என்றது அரசுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம், வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த சாவுகள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. நோயால் நேரடியாகச் செத்தவர்களோடு, நோய்க்காலக் குழப்பத்தில் சிகிச்சை கிடைக்காமல் செத்தவர்களையும் சேர்த்த மதிப்பீடு அது. மத்திய அரசு கணக்குப் போட்ட முறையே தப்பு என்று மறுத்தது. இருக்கட்டும். 47 லட்சம் தப்பு என்றால் சரியான எண் எது? சிகிச்சை கிடைக்காமல் செத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு மறுத்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

'அமெரிக்காவிலேயே செத்தார்களே' என்பீர்கள். ஆமாம், செத்தார்கள். டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் என்று 1972லேயே சட்டம் போட்ட நாடு அது. அங்கேயும் 2020ல் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 18,000 டயாலிசிஸ் நோயாளிகள் கூடுதலாக இறந்தார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களின் எண்ணிக்கை அரை நூற்றாண்டில் முதல் தடவையாகக் குறைந்தது. அவமானம்தான். ஆனால் அந்த அவமானம் நமக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு டயாலிசிஸ் நோயாளிக்கும் அங்கே பதிவேடு இருக்கிறது. யார் சேர்ந்தார், யார் போனார் என்று எண்ண முடிகிறது. நம்மிடம் அப்படி ஒரு முழுமையான பதிவேடு 2020ல் இல்லாததால், நம் அவமானத்தை எண்ணக்கூட முடியவில்லை. ராஜஸ்தானில் இரண்டு பேர் மெனக்கெட்டதால் அந்த மாநிலத்துக் கணக்காவது தெரிகிறது.

*

திட்டிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடலூருக்குப் பேரிடர் புதிதல்ல. 2004 டிசம்பர் 26ல் சுனாமி தேவனாம்பட்டினத்தை அடித்தது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல். அப்போது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று நெய்வேலி மின்சாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். 2015 நவம்பரில் வெள்ளம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம். ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய சுத்திகரித்த தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர் வேண்டும். கரண்ட் வேண்டும். சாலை வேண்டும். புயலில் முதலில் போவது இந்த மூன்றும்தான். ஆகவே அடுத்த கொரோனா வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. அடுத்த ஐப்பசி, கார்த்திகையே போதும்.

ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்? 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா பக்கம் தண்ணீரும் மின்சாரமும் போனபோது, நூற்றுக்கணக்கான டயாலிசிஸ் நோயாளிகளை பஸ்களில் ஏற்றி டோக்கியோவுக்கும் நீகாட்டாவுக்கும் கொண்டுபோய் சிகிச்சை கொடுத்தார்கள். எந்த மையத்தில் எத்தனை பேர், எங்கே மெஷின் காலி என்று தெரிந்திருந்ததால் அது முடிந்தது. அதற்கும் முன்னால், 1988ல் ஆர்மீனிய நிலநடுக்கத்தில் இடிபாட்டில் நசுங்கியவர்களுக்கு சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் கிடைக்காமல் தவித்ததைப் பார்த்துவிட்டு, உலக சிறுநீரக மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு பேரிடர் உதவிக் குழுவை அமைத்தது. டயாலிசிஸ் ஒரு பேரிடர் விஷயம் என்பது உலகத்துக்குத் தெரிந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு மாவட்டக் கலெக்டர் மேஜையிலும் ஒரு பட்டியல். இந்த மாவட்டத்தில் டயாலிசிஸில் இருப்பவர்கள் இன்னார், எந்தக் கிழமை, எந்த மையம், அது மூடினால் மாற்று மையம் எது, வீட்டிலிருந்து அழைத்துப்போகிற வண்டி எது. அரசு, தனியார் இரண்டும் சேர்த்து. காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கொடுக்கிறபோதே பெயரும் விலாசமும் வந்துவிடுகிறது. தேர்தல் என்றால் வீட்டுக்கு வீடு பூத் சிலிப் கொண்டுவந்து கொடுக்கிற அரசாங்கத்துக்கு இது பெரிய வேலையா?

இரண்டாவது, வீட்டிலேயே செய்துகொள்கிற டயாலிசிஸ். வயிற்றில் சின்னக் குழாய் வைத்து, திரவப் பையை ஏற்றி இறக்குவது. மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். எல்லாருக்கும் ஒத்துவராது, சுத்தம் ரொம்ப முக்கியம். ஆனால் ஒத்துவருகிறவர்களுக்கு வாரம் இரண்டு தடவை பஸ் ஏறுவது மிச்சம். 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீடு தேடிக் கொடுப்பதையும் சேர்த்தார்கள். நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் சாலை மறுபடி மூடினால் அந்தப் பை யார் வண்டியில், எந்த பாஸில் வரும் என்பதையும் இப்போதே எழுதி வைக்கச் சொல்கிறேன். புயல் சின்னம் உருவான பிறகு கூட்டம் போட்டு டீ குடிப்பதில் பிரயோசனம் இல்லை.

மூன்றாவது, தனியார் மருத்துவமனைகள். காப்பீட்டுப் பணம் வாங்குகிற எந்த டயாலிசிஸ் மையமும், தன்னிடம் வந்துகொண்டிருந்த நோயாளியை மாற்று இடம் ஏற்பாடு செய்யாமல் கைவிடக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக இருக்க வேண்டும். கடன் கொடுத்த பாங்க் திடீரென்று ஷட்டரை இறக்கினால் ரிசர்வ் வங்கி கேட்கிறதல்லவா? பணத்துக்கு இருக்கிற பாதுகாப்பு ரத்தத்துக்கும் இருக்கட்டும்.

நீங்களும் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் தெருவில், உங்கள் ஃப்ளாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் யார், எந்தக் கிழமை போகிறார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் வீட்டுக்கு எதிர் வரிசையிலேயே இரண்டு கார் நின்றது. அந்த ஏப்ரல் மாதம் முழுக்கக் கவர் போட்டு மூடியே நின்றது. அதன் சொந்தக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு விஷயமே தெரியாது.

அந்த அம்மாவைப் போன மாதம் பார்த்தேன். நோட்டைக் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கேட்டார். "ஏன் தம்பி, கொரோனாவுல செத்தவங்க கணக்குல இவரு இல்லைங்கறாங்க. கிட்னியில செத்தவங்க கணக்குலயும் மாரடைப்புன்னுதான் இருக்கு. அப்ப இவரு எந்தக் கணக்குல வருவாரு?"

கணக்கு வாத்தியார் வீட்டில் கேட்ட கணக்கு. பி.காம். படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. கோட்டையில் யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்.